நர்ஸம்மா வெளியே வரவும்

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்றுப் பிறகு, ரயில் நிலையத்தின் பின்தெருவில் ஒரு மாடி வீட்டில் ஓய்வுபெற்ற பிரசவ நர்ஸ் ஒருவர் இறந்தார். வயது எண்பத்து மூன்று. அந்த நேரத்தில் அவருடைய மகள் மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தாள்.

மாடிப்படியில் பாதி ஏறும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தம்பி, அம்மாவின் அறை வாசலில் நின்றிருந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன் அவன். கையில் எப்போதும் ஸ்குரூ டிரைவரோ போனோ ஏதாவது இருக்கும். இப்போது இரண்டு கைகளும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

"அக்கா" என்றான்.

அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள். அவள் விட்டுப்போனபடியே அம்மா ஜன்னல் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடு இருந்தது. கையிலிருந்த மருந்துப் பையை மேசையில் வைத்தாள். அங்கே வைக்கக் கூடாது என்று தோன்றியது போல எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"எப்போ?"

"இப்பத்தான். நீ போன கொஞ்ச நேரத்துல."

"நீ பக்கத்துலதான இருந்த?"

"பக்கத்துலதான். இதோ, இந்த நாற்காலியிலதான்."

அவள் அம்மாவின் கழுத்தின் கீழ் மடங்கியிருந்த தலையணையை நேராக்கினாள். "என்ன நடந்துச்சு, சொல்லு."

அவன் சொன்னான். அம்மா திடீரென்று கண் விழித்தாள். ஜன்னல் கம்பியில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது, சாம்பல் நிறம், கழுத்தில் மட்டும் பச்சை. அதைப் பார்த்தாள். தண்ணீர் கேட்டாள். வலது கையால் டம்ளரைப் பிடித்து இரண்டு மிடறு குடித்தாள். அக்கா எங்கே என்று கேட்டாள். கடைக்குப் போயிருக்கிறாள் என்றதும் "வரட்டும்" என்றாள். லேசாகச் சிரித்தாள். கண்ணை மூடினாள். புறா பறந்துபோனது. அவ்வளவுதான்.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கன்னத்தில், காதிலிருந்து தாடை வரைக்கும், பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சாகப் பதிந்திருந்தது. இன்னும் சிவப்பு மாறவில்லை.

விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில், நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களின் வாக்குமூலத்தைச் சரிபார்ப்பது அவள் வேலை. உண்மை சொல்கிறவனுக்குப் பாதி ஞாபகம் இருக்காது. லாரி என்ன நிறம் என்றால் விழிப்பான். இட்டுக்கட்டுகிறவன்தான் லாரியின் நிறம், டிரைவரின் சட்டை, மேலே போன பறவை வரைக்கும் சொல்வான். அம்மாவின் வலது கை போன வாரத்திலிருந்து அசையவே இல்லை.

தூங்கியிருக்கிறான். அம்மா போகும்போது இவன் நாற்காலியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

"சரி" என்றாள். டாக்டருக்குப் போன் செய்யப் போனாள்.

மருந்து வாங்கப் போகிறேன் என்று தம்பிதான் முதலில் கிளம்பினான். அதுதான் அவளைக் குடைந்தது. அம்மாவுக்கு வலி தெரியாமலிருக்கத் தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகள் தீர்ந்துபோயிருந்தன. "நான் போயிட்டு வரேன்க்கா" என்று சட்டையைக்கூட மாட்டிவிட்டான். அவள்தான், "நீ போனா வேற எதையாவது வாங்கிட்டு வந்து நிப்ப. நானே போறேன்" என்றாள். கடையில் அவளுக்கு முன்னால் நின்றவர் சில்லறைக்காகக் கடைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சண்டை முடியும்வரை அவள் பொறுமையாக நின்றிருந்தாள்.

வாழ்நாள் முழுக்க எந்தப் படத்துக்கும் முடிவு வரைக்கும் உட்கார்ந்தவள் அவள். எழுந்து போவது அம்மாவின் வழக்கம்.

அவளும் தம்பியும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஊரில் ஒரே ஒரு சினிமாக் கொட்டகைதான் இருந்தது. வீட்டிலிருந்து சாலையைக் கடந்தால் கொட்டகை, கொட்டகையிலிருந்து இரண்டு தெரு தள்ளி பிரசவ ஆஸ்பத்திரி. அப்பா, தம்பி கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அம்மாவுக்கு டியூட்டி இல்லாத மாலைகளில் மூன்று பேரும் படத்துக்குப் போவார்கள். வீட்டில் போன் கிடையாது. அதனால் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டுத்தான் அம்மா கொட்டகைக்குள் நுழைவாள்: "அவசரம்னா அங்க ஆள் அனுப்புங்க."

அவர்கள் இடம் எப்போதும் ஒன்றுதான். பக்கவாட்டுக் கதவை ஒட்டிய வரிசையின் கடைசி நாற்காலி அம்மாவுக்கு. அடுத்தது அவளுக்கு. அதற்கடுத்தது தம்பிக்கு. தம்பி எழுத்துப் போட்டு முடிவதற்குள் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவான். தூங்குமூஞ்சி என்ற பேர் அங்கே வந்ததுதான். படம் முடிந்து விளக்குப் போட்டால் அவன் கன்னத்தில் அவளுடைய சட்டையின் மடிப்பு அச்சாக விழுந்திருக்கும்.

படத்தின் நடுவில், கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போதோ வில்லன் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதோ, திரையின் ஓரத்தில் வெள்ளை எழுத்து தோன்றும்.

நர்ஸம்மா வெளியே வரவும்.

மேலே படம் ஓட்டும் அறையில் ஸ்லைடுக்காரர் கண்ணாடித் துண்டை விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடிக்கவைத்து, ஊசியால் கீறி எழுதிய எழுத்து. அது வந்தவுடன் கொட்டகை மொத்தமும் படத்தை மறந்துவிடும். "ஆணா பொண்ணா?" என்று முன் வரிசையிலிருந்து ஒருவன் கத்துவான். "ரெட்டை!" என்று பின்னாலிருந்து பதில் வரும். விசில் பறக்கும். அவசரத்தில் ஸ்லைடைத் தலைகீழாகச் செருகிவிட்டால், ஊரே கழுத்தைச் சாய்த்துப் படித்துவிட்டுச் சிரிக்கும். "ஐயோ, குழந்தை தலைகீழா இருக்கு!" என்று ஒருமுறை யாரோ அலற, அம்மா எழுந்து நின்று, "தலைகீழா இருந்தாத்தான்யா சரி. பேசாம படத்தப் பாரு" என்று பதில் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குக் கிடைத்த கைதட்டல் அந்தப் படத்தின் கதாநாயகனுக்குக் கிடைக்கவில்லை.

எல்லோருக்கும் அது வேடிக்கை. அவளுக்கு மட்டும் இல்லை. அம்மா எழுந்ததும் அந்த மரப்பலகை இருக்கை 'டப்' என்று மேலே மடியும். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்காது. உடனே அதைக் கீழே இழுத்து, படம் முடியும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஒரு பக்கம் தோளில் தம்பியின் தலை, இன்னொரு பக்கம் கையடியில் அம்மாவின் நாற்காலி. அப்படித்தான் அவள் படங்கள் பார்த்தாள். முடிந்ததும் ஸ்லைடுக்காரர் இறங்கி வந்து இருவரையும் சாலை கடத்தி வீட்டு வாசலில் விடுவார்.

அம்மா திரும்பி வந்ததும் முதல் கேள்வி, "என்னடி ஆச்சு?" படத்தில் என்ன ஆனது என்று அர்த்தம். அவள் சொல்வாள். கேட்டு முடித்ததும் அம்மா "நல்லது" என்பாள். எழுந்து விளக்கை அணைப்பாள்.

முதலில் எல்லாம் உள்ளதை உள்ளபடிதான் சொன்னாள். பாலம் கட்டும் இன்ஜினியர் ஒருவரின் படம் வந்தது. வெள்ளத்தில் பாலம் உடையும்போது, இன்ஜினியர் வேலைக்காரர்களையெல்லாம் கரையேற்றிவிட்டுத் தான் ஆற்றோடு போய்விடுவார். அதுதான் முடிவு. அன்று அம்மா வந்ததும் எதுவும் கேட்கவில்லை. குழாயடியில் போய் நின்று வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய கையையே திரும்பக் கழுவினாள். அன்று பிறந்த குழந்தை அழவே இல்லை என்று மறுநாள் அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு அது அவளுக்குத் தெரியாது. அம்மாவின் கை மட்டும் தெரிந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்து அம்மா கேட்டாள். "அந்த இன்ஜினியர் என்னடி ஆனான்?"

"பொழச்சிட்டான்மா."

"எப்படி? அவ்ளோ தண்ணி வந்துச்சே?"

எப்படி என்று அவள் யோசிக்கவில்லை. வாய் பாட்டுக்குச் சொன்னது. ஒரு பலகை கிடைத்தது. பிடித்துக்கொண்டான். கரையில் ஒரு மீன்காரர். மஞ்சள் துண்டு போட்டிருந்தார். அந்தத் துண்டை நீட்டினார். பிடித்து ஏறிவிட்டான்.

"நல்லது" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அவள் சொன்ன படங்களில் ஒருவரும் சாகவில்லை.

டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் பிற்பகலுக்கு வண்டி சொல்லியாயிற்று. சாயங்காலம் தம்பி சமையலறையில் டீ போட்டு எடுத்துவந்து நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"அக்கா, நீ கொஞ்சம் படுத்துக்க. நான் அம்மாகிட்ட இருக்கேன்."

"நீ இருந்த வரைக்கும் போதும்" என்றாள். "போய்த் தூங்கு. உனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

அவன் டீயைக் கீழே வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலையிலேயே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கீழ்வீட்டுக்காரர் தன் கூடத்து நாற்காலிகளையெல்லாம் மேலே அனுப்பினார். "உன் தம்பி விடிய விடிய படியிலயே உட்கார்ந்திருந்தாம்மா. உள்ள வந்து படுன்னு கூப்பிட்டேன், வரல" என்றார். அவள் தலையாட்டினாள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள்.

வந்தவர்களில் பாதிப்பேரை அவளுக்குத் தெரியாது. அவர்களே சொல்லிக்கொண்டார்கள். "நான் நர்ஸம்மா கையில பொறந்தவன்." "எனக்கு மூணும் அவங்கதான் பாத்தாங்க." ஒருவர் தாடியோடு வந்து அம்மாவின் காலடியில் நின்று, "நான்தான் பொறந்தப்போ இவங்கள உதைச்சேனாம். எப்பப் பாத்தாலும் சொல்லுவாங்க" என்று யாரிடமென்றில்லாமல் சொல்லிவிட்டுப் போனார்.

பத்து மணி வாக்கில் தையல்கடை அம்மா வந்தாள். எழுபது வயதிருக்கும், நல்ல கனத்த உடம்பு, படியேறிய மூச்சு. கூடவே மகன், கையில் ஒரு பெரிய தட்டு நிறைய ரொட்டி.

"பசியோட இருக்கக் கூடாதுன்னு எடுத்தாந்தான்" என்றாள் தையல்கடை அம்மா. "இவன இன்ஜினியர்னுதான் கூப்பிடுவோம். பேக்கரியில வேலை."

"பேக்கரியில இன்ஜினியரா?" என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டார்.

"அது ஒரு கதைங்க. இந்த நர்ஸம்மா என்னைய ஏமாத்தின கதை." அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு வலி உயிர் போகுது, கத்துறேன். இவங்க பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு சினிமாக் கதை சொல்றாங்க! 'பொறும்மா, பாலம் இப்பத்தான் ஆட ஆரம்பிச்சிருக்கு'ங்கறாங்க. எனக்கு எந்தப் பாலம் ஆடினா என்ன? ஆனா விட மாட்டாங்க. பாதியில நிறுத்திடுவாங்க. 'மிச்சம் வேணும்னா முக்கு'ம்பாங்க."

கூடத்தில் இரண்டு மூன்று பெண்கள் சிரித்துவிட்டார்கள். "எனக்கும் அப்படித்தான்" என்றாள் ஒருத்தி. "எனக்குக் குருடனுக்குக் கண்ணு தெரியற கதை."

"கேளுங்க. இன்ஜினியர் ஆத்துல விழுந்துட்டான். பலகையப் புடிச்சான். கரையில மஞ்சத்துண்டு போட்ட மீன்காரர் நிக்கிறாரு, துண்ட நீட்டுறாரு. 'புடிச்சிட்டான், புடிச்சிட்டான், ஏறிட்டான்'னு இவங்க கத்தவும் இவன் வெளிய வரவும் சரியா இருந்துச்சு. எனக்குப் புள்ள பொறந்த சந்தோஷத்த விட அவன் பொழச்ச சந்தோஷம்."

அம்மாவின் தலைமாட்டில் நின்றிருந்த மகள் தையல்கடை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் துண்டு. அந்த மீன்காரரை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவைத் தவிர. அம்மா கேட்டுவிட்டு விளக்கை அணைத்துவிடுவாள், அதோடு முடிந்தது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"அப்புறம் எப்படி ஏமாத்தினாங்க?" என்றார் கீழ்வீட்டுக்காரர்.

"அந்தப் படம் அடுத்த ஊருக்கு வந்துச்சு. கைக்குழந்தையோட எங்க வீட்டுக்காரர நச்சரிச்சுக் கூட்டிட்டுப் போனேன். பாலம் உடையுது. இன்ஜினியர் விழறான். போறான்... போறான்... போயே போயிட்டான்! பலகை இல்ல, மீன்காரர் இல்ல. லைட் போட்டுட்டாங்க. எங்க வீட்டுக்காரர் எந்திரிங்கறாரு. 'இருங்க, மீன்காரர் வருவாரு'ன்னு நான் உட்கார்ந்திருக்கேன். தொடப்பத்தோட பெருக்கறவன் வந்து நிக்கிறான், நான் எந்திரிக்கல."

கூடம் முழுக்கச் சிரிப்பு. கதவோரத்தில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். செத்த வீட்டில் இப்படிச் சிரிப்பார்களா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, கொட்டகையில் அம்மா எழுந்து போகும்போது எழுந்த சிரிப்பும் இதேதான் என்று தோன்றியது.

"மறுநாளே போய்ச் சண்டை போட்டேன்" என்றாள் தையல்கடை அம்மா. "'நீ பாத்தது தேஞ்சுபோன படமா இருக்கும், கடைசி ரீல் அறுந்திருக்கும்'னாங்களே பாக்கணும்! முகத்துல ஒரு சிரிப்பு இல்ல."

"ரீல் அறுந்துச்சா? எங்க கொட்டகையில ஒரு ரீலும் அறுந்ததில்ல!"

குரல் வாசலிலிருந்து வந்தது. ஸ்லைடுக்காரர். பேரன் ஒருவன் கையைப் பிடித்து மேலே ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். இத்தனை வருஷம் படம் ஓட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றதால் காது மந்தம், அதனால் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்வார். அம்மாவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் மகளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்து, ரகசியம் பேசுகிறவர் போலக் குனிந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"நீதான எல்லாரையும் பொழைக்க வச்ச பொண்ணு?"

அவளுக்குக் காது சூடாகியது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ன?"

"எப்படித் தெரியும்னு கேட்டேன்!"

"உங்கம்மா சொல்லித்தான். மறுநாள் காலையில நான் சுவர்ல போஸ்டர் ஒட்டிக்கிட்டு இருப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போற வழியில நின்னு கேப்பாங்க, 'நேத்து அவன் நிஜமாவே பொழச்சானா?'ன்னு. 'ஏம்மா, உங்க பொண்ணு முழுசாப் பாத்துச்சே, சொல்லலையா?'ன்னேன். 'சொன்னா. அவ சொன்னதுல எல்லாரும் நல்லா இருக்காங்க, அதான் சந்தேகமா இருக்கு'ன்னாங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன். அவன் ஆத்தோட போயிட்டாம்மான்னேன். கேட்டுட்டு நின்னாங்க. 'அவகிட்ட போய்க் கேட்டுடாதீங்க'ன்னாங்க. 'எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா சொல்றத விட்டுடுவா. உங்க படத்த அந்தப் பிரசவ ரூமுக்குள்ள கொண்டுபோய் நான் என்ன பண்றது? அவ சொல்றதத்தான் கொண்டுபோக முடியும்'னாங்க. அப்புறம் ஒவ்வொரு தடவையும் வந்து கேப்பாங்க. என்கிட்ட ஒண்ணு, உன்கிட்ட ஒண்ணு. ரெண்டையும் கேட்டுட்டுத்தான் வேலைக்குப் போவாங்க."

அவள் எழுந்தாள். இன்ஜினியர் கொண்டுவந்த ரொட்டித் தட்டை எடுத்து ஒவ்வொருவரிடமும் நீட்டினாள். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஸ்லைடுக்காரர் இரண்டாக எடுத்துக்கொண்டார். தட்டில் மிச்சமிருந்ததோடு தம்பியைத் தேடிக்கொண்டு போனாள்.

அவன் மாடிப்படியின் திருப்பத்தில் மண்டியிட்டு இரும்பு டேப்பால் மூலையை அளந்துகொண்டிருந்தான். கண் சிவந்து வீங்கியிருந்தது.

"அம்மாவ நேரா எடுத்தா இங்க திரும்பாதுக்கா" என்றான் நிமிராமல். "தலைப்பக்கம் தூக்கிக் கொஞ்சம் சாய்ச்சாத்தான் வரும். நான் தலைப்பக்கம் புடிச்சுக்கறேன்."

"சாப்பிடு முதல்ல."

அவன் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். அவள் ஒரு படி மேலே உட்கார்ந்தாள். மேலே யாரோ அடுத்த படத்தின் கதையைத் தொடங்கியிருந்தார்கள்.

"அக்கா, நேத்து நான் சொன்னது..."

"தெரியும்."

"இல்ல. நிஜத்தச் சொல்லிடறேன். ராத்திரியெல்லாம் நெஞ்சுல நிக்குது. நான் வந்து, அந்த நாற்காலியில..."

"வேணாம்டா."

அவன் அவளைப் பார்த்தான். டேப் அவன் கையிலிருந்து சர்ரென்று உள்ளே போய்ச் சுருண்டது.

"ஒரு புறா வந்துச்சுன்னியே" என்றாள். "அங்கேர்ந்து சொல்லு. நேத்து நான் சரியாக் கேக்கல."

அவன் ரொட்டியைப் பிய்த்தான், தின்னவில்லை.

"புறா வந்துச்சு" என்றான். "ஜன்னல் கம்பியில."

"ம்."

"சாம்பல் கலர். அம்மா அதப் பாத்தாங்க. தண்ணி கேட்டாங்க. நான் டம்ளர்ல குடுத்தேன். அவங்களே புடிச்சுக் குடிச்சாங்க, வலது..." நிறுத்தினான். "இல்ல. இடது கையால."

"இடது கையா? சரி."

"நீ எங்கன்னு கேட்டாங்க. மருந்து வாங்கப் போயிருக்கான்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

நேற்று அவன் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. அவனுக்கும் இருந்திருக்கும். ஆனால் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். அந்த யோசனையை அவளுக்கு நன்றாகத் தெரியும். பலகை கிடைக்கிறதா என்று ஆற்றில் தேடுகிற யோசனை.

"'அவளே போனாளா? அப்பச் சரியானதத்தான் வாங்கிட்டு வருவா'ன்னாங்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படிச் சுவரில் பழைய சுண்ணாம்பு ஒரு இடத்தில் பொரிந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டினாள்.

"அப்புறம்?"

"அப்புறம் கண்ண மூடிக்கிட்டாங்க. நான் அவங்க கையப் புடிச்சிட்டு இருந்தேன். புறா போன பிறகுதான் எனக்குத் தெரிஞ்சுது."

"வலிச்ச மாதிரி இருந்துச்சா?"

"இல்லக்கா. இல்ல."

"நல்லது" என்றாள் அவள்.

வண்டி ஒரு மணிக்கு வந்தது. தம்பி தலைப்பக்கத்தைப் பிடித்தான், இன்ஜினியர் கால்பக்கத்தை. மாடிப்படியில் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அம்மா வரும்போது ஒவ்வொருவராக உடம்பை ஒடுக்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டார்கள். கொட்டகையில் முழங்காலை மடக்கிக்கொண்டு வழி விடுவார்களே, அதே போல. திருப்பத்தில் தம்பி சொன்னபடியே சற்றுச் சாய்த்ததும் எங்கும் இடிக்காமல் திரும்பியது. ஸ்லைடுக்காரர் மட்டும் மேலேயே நின்றுகொண்டு, "பாத்து, பாத்து" என்று கத்திக்கொண்டிருந்தார்.

காரியங்கள் முடிந்து அதே வண்டியில் திரும்பினார்கள். பின்பக்கம் அக்காவும் தம்பியும் மட்டும். பக்கவாட்டில் மூன்று மடக்கு இருக்கைகள். கதவோரத்து இருக்கை வண்டி குலுங்கும்போதெல்லாம் மேலே மடிந்து டப் டப்பென்று அடித்துக்கொண்டது. அவள் அதைக் கீழே இறக்கி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

முதல் சிக்னல் வருவதற்குள் தம்பி அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான்.

வண்டி மூன்றரை மணிக்கு வீட்டு வாசலில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அவள் கை காட்டினாள்.